சாப்பிட்ட பிறகு சொல்லுவம்

அரியரத்தினத்தின் தகப்பன் செத்துப்போன செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடையின் தொலைபேசிக்கு வந்தது. அரியரத்தினம் அப்போது மார்க்ஸ் டோர்மோய் தெரு அறையில், மத்தியானம் சாப்பிடப் போவதற்காகச் சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான்.

தொலைபேசியை முதலில் எடுத்தவன் மடுத்தீன். மன்னார்ப் பொடியன். அந்தக் கடையில் பெட்டி இறக்கி மரக்கறி பிரிக்கிற வேலை அவனுக்கு. "அரியரத்தினத்தின்ரை ஆக்கள் ஆரும் நிக்கினமோ?" என்று தூரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. மடுத்தீன் வாயைத் திறக்குமுன், சிகரெட் வாங்க வந்து நின்ற குலசேகரம் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். அரியரத்தினம், குலசேகரம், மடுத்தீன் மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பவர்கள். வயதில் மூத்தவர் என்பதால் அறைக்கு வரும் செய்தி எதுவும் குலசேகரத்தின் காதுக்குத்தான் முதலில் போகவேண்டும்.

பேசியவர் ஊரில் தொலைபேசி வைத்திருக்கிற ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். லைன் இரைந்தபடியால் அவர் கத்தித்தான் கதைத்தார். பக்கத்தில் நின்ற மடுத்தீனுக்கும் எல்லாம் கேட்டது.

"விடியப்புறம் முடிஞ்சுது. நெஞ்சு நோ எண்டு சொன்னவர், அவ்வளவுதான். பின்னேரம் அஞ்சரைக்கு எடுக்கினம். இருட்ட முதல் சுடலையிலை இருந்து திரும்ப வேணும், ஆமிக்காரர் ரோந்து வருவாங்கள். பெடியன் ஒருக்கால் என்னோடை கதைக்க வேணும், விளங்குதோ? கொள்ளி ஆர் வைக்கிறது எண்டு அவன்தான் சொல்ல வேணும். இஞ்சை ரெண்டு பக்கமும் இழுபடுகினம். உங்கடை நேரம் ஒரு மணிக்குள்ளை எடுக்கச் சொல்லும். நான் போனடியிலைதான் இருப்பன்."

"ஓம், சொல்லுறன்" என்று குலசேகரம் வைத்துவிட்டார்.

எந்த இரண்டு பக்கம் என்பது மடுத்தீனுக்கும் தெரியும், குலசேகரத்துக்கும் தெரியும். அரியரத்தினம் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. தகப்பனுக்கும் தகப்பனின் தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் வழக்கு. பன்னிரண்டு வருசமாகக் கோர்ட்டில் இழுபட்டது. மகனைப் பிளேன் ஏற்ற வந்த அன்று கிழவர் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: நீ இல்லாவிட்டால் தங்கச்சியின் மகன், என் பேரன், எனக்குக் கொள்ளி வைக்கட்டும், என் தம்பியின் மகன் கை என் நெஞ்சில் படக்கூடாது. ஊர் வழக்குக்குத் தம்பி மகன்தான் உரிமைக்காரன். மகளின் பிள்ளை வேறு குடும்பம். அதை மாற்ற மகன் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். இதை அரியரத்தினம் அறையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். தகப்பனின் குரலை மாதிரிச் செய்தே காட்டுவான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"நான் ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று மடுத்தீன் ஏப்ரனைக் கழற்றினான்.

"நில்லடா."

"ஒரு மணிக்குள்ளை எண்டவர்."

"எனக்குக் காது கேக்கும். இப்ப ஒன்பதரை. அவன் இன்னும் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிருக்க மாட்டான். வெறும் வயித்தோடை இருக்கிறவனுக்கு ஆரும் சாவு சொல்லுவினமோ? சொன்னால் இண்டைக்குச் சாப்பிடுவானோ? நாளைக்குச் சாப்பிடுவானோ? முதல் வயிறு நிறையட்டும். சாப்பிட்ட பிறகு சொல்லுவம். எங்கடை பக்கத்திலை அப்பிடித்தான். உங்கடை மன்னாரிலை எப்பிடியோ தெரியாது."

அது பொய்யில்லை. சாவு சொல்ல வீட்டுக்கு ஓடிவருகிற ஆள் முதலில் "சாப்பிட்டாச்சோ" என்றுதான் கேட்பார். சாப்பிடவில்லை என்றால் வெளியில் நின்று காத்திருப்பார். மடுத்தீன் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அவனுடைய தாய் செத்த அன்று, அவன் கடைசி வாய் விழுங்கி, கை கழுவி வரும்வரை சித்தப்பா வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் குலசேகரத்துக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி ராதாகிருஷ்ணன் வந்து ஆறு மாதமாகிறது. லா கூர்னெவ்வில் யாரோ ஒருவரின் அறையில் தரையில் படுக்கிறான். வேலை இல்லை. மனைவி ஊரிலிருந்து குலசேகரத்தைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் கோப்பை கழுவுகிற உணவுக்கடைக்கு இன்னொரு ஆள் தேவை என்று கதை. அன்று மத்தியானம் அங்கே சாப்பிடப் போவதே அதற்குத்தான். ராதாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, சாப்பாடு முடிய, அரியரத்தினம் தன் வாயால் முதலாளியிடம் கேட்பதாக ஏற்பாடு. இப்போது சாவைச் சொன்னால் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு படுப்பான். பிறகு யார் கேட்பது?

"நீ வாயைப் பொத்திக்கொண்டு வா" என்றார் குலசேகரம். "நேரத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

*

பதினொரு மணி தாண்ட மூன்று பேரும் அறையிலிருந்து இறங்கினார்கள். தை மாதக் குளிர். அரியரத்தினம் அயன் போட்ட நீலச் சேட்டுக்கு மேல், யாரோ கொடுத்த நீள ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். இரண்டு வருசமாகப் பின்வாசலால் போய் வந்த கடைக்கு இன்றைக்கு முன்வாசலால் போகிறான். வழி முழுக்க முதலாளி கூப்பிட்ட கதையையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"பத்ரோன் தானே கேட்டவர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை பூட்டு, எங்கடை ஆக்களுக்கு மட்டும் சமைப்பன், உன்ரை சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வா எண்டு. முதலாளிமார் ஆரும் கோப்பை கழுவுறவனைக் கதிரையிலை இருத்துவாங்களோ?"

"உனக்கு நல்ல காலம்" என்றார் குலசேகரம்.

மெற்றோ மேம்பாலத்தின் கீழே ஒரு தொலைபேசிக் கூண்டு. "நீங்கள் நடவுங்கோ, ராதா வெளிக்கிட்டானோ எண்டு கேட்டுப்போட்டு வாறன்" என்று குலசேகரம் அதற்குள் புகுந்தார். மடுத்தீன் திரும்பிப் பார்த்தான். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைக் காதைக் கையால் பொத்தி, அவசரமில்லாமல் கதைத்துக்கொண்டு நின்றார்.

உணவுக்கடையின் பெயர் லா பூனா. கால்வாய்ப் பக்கம் போகிற குறுக்குத் தெருவில், எட்டே மேசை. முதலாளி எவுசேபியோ பெரு நாட்டுக்காரர், குஸ்கோ என்கிற மலை நகரத்திலிருந்து வந்தவர். கட்டை உருவம், அகன்ற நெஞ்சு, எங்கள் ஆட்களின் நிறம். உள்ளே போனதும் எதிர்ச் சுவர் முழுக்க அந்த நகரத்தின் படம். மலைகளுக்கு நடுவில் ஒரு சட்டிக்குள் கொட்டிவைத்தது போலச் செவ்வோட்டுக் கூரைகள்.

ராதாகிருஷ்ணன் வாசலில் நின்றான். இருபது வயதுதான் இருக்கும். மெல்லிய சேட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றவன், அரியரத்தினத்தைக் கண்டதும் சிகரெட்டை எறிந்துவிட்டுக் கும்பிடப் பார்த்தான்.

"கும்பிடாதையும் ஐசே, நான் என்ன கோயிலோ" என்று அரியரத்தினம் அவன் தோளில் தட்டினான். "வேலை கட்டாயம். நான் சொன்னால் பத்ரோன் தட்டமாட்டார்."

பிறகு அவன் மடுத்தீனைப் படத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். தானே அங்கே பிறந்தவன் போல விரலால் தொட்டுக் காட்டினான். "இது பெரிய கோயில், இது சந்தை. கடலிலை இருந்து பதினோராயிரம் அடி மேலை. அங்கை சோறு ஒழுங்கா அவியாதாம். தண்ணி கொதிக்கும், ஆனால் சூடு காணாது."

மடுத்தீன் படத்தைப் பார்க்கவில்லை. குலசேகரம் ராதாவையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போய் நின்று, கையாலும் வாயாலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு பத்துச் சொல்லுக்கு மேல் வராது. முதலாளி முகம் சுருங்கி, அரியரத்தினத்தின் பக்கம் பார்த்து, மார்பில் கைவைத்துத் தலையை ஆட்டினார். பிறகு ராதாவைக் குசினிக்குள் அனுப்பினார். குலசேகரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"என்னண்ணை, நான் கேக்க முதலே வேலை தொடங்கியிட்டுதோ?" என்றான் அரியரத்தினம்.

"கோப்பை அடுக்கிப் பழகட்டும். வேலையைப் பற்றிக் கடைசியிலை உன்னட்டைக் கேட்பாராம். உன்ரை சொல்லுத்தான் முடிவு."

அரியரத்தினத்துக்கு அது பெரிய சந்தோசம். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

*

முதலில் சூப் வந்தது. கறுத்த கிழங்குத் துண்டும் காய்ந்த ஆட்டிறைச்சியும் கோதுமையும் போட்டது. அரியரத்தினம் கரண்டியால் கிழங்கை எடுத்துக் காட்டினான்.

"இது உருளைக்கிழங்கு அண்ணை. இரவிலை வெளியிலை பரவி விடுவினம், பனியிலை உறையும். பகலிலை வெயிலிலை போட்டுக் காலாலை மிதிச்சுத் தண்ணி எடுப்பினம். பேந்து காய வைப்பினம். வருசக்கணக்கிலை கெடாதாம்."

"காலாலையோ?" குலசேகரம் கரண்டியை வைத்தார். "கழுவின காலோ, கழுவாத காலோ?"

"சுவைச்சுப் பாருங்கோ, தெரியும்."

குலசேகரம் சிரித்துக்கொண்டே குடித்தார். மடுத்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு கழிந்துவிட்டது. ஸ்ரேசன் மாஸ்டர் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். மேசைக்குக் கீழே குலசேகரத்தின் காலை இடித்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அண்ணை, ஒருக்கால் வெளியிலை வாங்கோ" என்றான்.

"என்னடா, சாப்பாட்டுக்குள்ளை?"

"சிகரெட் குடிக்க."

"நீ எப்ப இருந்து சிகரெட் குடிக்கிறனி?" என்று அரியரத்தினம் சிரித்தான். "இவன் ஒரு நாளும் இல்லாத மாதிரி இருக்கிறான். முகத்தைப் பாருங்கோ. ஆரும் பெட்டை கடிதம் எழுதாமல் விட்டிட்டாளோ?"

வாசலுக்கு வெளியே குலசேகரம் மடுத்தீனின் கையைப் பிடித்து முறுக்கினார். "உனக்கு விசரோ? அவன்ரை முகத்தைப் பார். இப்பிடிச் சந்தோசமாய் அவனை நீ எப்ப கண்டனி? இன்னும் அரை மணித்தியாலம் அதைக் குடுக்க உனக்கு மனமில்லையோ?"

"கொள்ளி ஆர் வைக்கிறது எண்டு சொல்ல வேணுமெல்லோ."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டனான். நீ ஒரு சொல்லுச் சொன்னாய், அறையிலை உனக்கு இடமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளை போய்ப் படு."

அந்த அறைக்கு வருமுன் மடுத்தீன் ஒரு கிழமை ரயில் நிலையத்தில் படுத்திருக்கிறான். உள்ளே போய் உட்கார்ந்தான்.

*

முதலாளி பெரிய தட்டோடு குசினியிலிருந்து வந்தார். தட்டின் நடுவில் ஒரு பிராணி, வயிறு பிளந்து விரித்து, தலையோடு, பல்லோடு, தோல் மொரமொரப்பாகப் பொரிந்து கிடந்தது. சுற்றிவர அவித்த கிழங்கும் பெரிய மணிச் சோளமும் பச்சை நிறச் சம்பலும்.

"பெருச்சாளி" என்றார் குலசேகரம்.

"எலி இல்லை அண்ணை, கினிப்பன்றி. புல்லுத்தான் தின்னும். இதுகளை வளக்கவெண்டே பத்ரோனுக்கு நாட்டுப்புறத்திலை ஒருத்தர் இருக்கிறார். இவங்கள் பிரெஞ்சிலை இதுக்கு என்ன பேர் வைச்சிருக்கிறாங்கள் தெரியுமே? இந்தியப் பண்டி."

"அப்ப எங்கடை பக்கத்து நாட்டுப் பண்டிதானே. சொந்தக்காரனைத் தின்னுறதோ?"

"தின்னுங்கோ. அங்கை கலியாணத்துக்கும் திருநாளுக்கும்தான் இதைப் போடுவினமாம்."

முதலாளி தன் கையாலேயே தலைப்பக்கத்தை வெட்டி அரியரத்தினத்தின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அவன் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். அரியரத்தினம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலை நிமிர்த்திச் சிரித்தான். அவன் எலும்பைக் கையால் பிரித்துக் கடிக்கிற சத்தம் மடுத்தீனுக்குக் கேட்டது.

"ஐயா இதைக் கண்டார் எண்டால்" என்றான் அரியரத்தினம், வாயில் கொழுப்போடு. "வெள்ளிக்கிழமையிலை பக்கத்து வீட்டிலை மீன் பொரிச்சால் எங்கடை வீட்டைக் கழுவிற மனுசன். நான் இஞ்சை மாடு தின்னுறதே அவருக்குத் தெரியாது. எலி தின்னுறன் எண்டு கேள்விப்பட்டால் நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவார்."

குலசேகரத்துக்குப் புரையேறியது. இருமி இருமிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "உன்ரை ஐயா அதுக்கெல்லாம் சாகிற ஆள் இல்லை" என்றார்.

"அதுதானே. பன்னிரண்டு வருசம் தம்பியோடை வழக்காடின சீவன்."

மடுத்தீன் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். அவன் வந்து உட்காரும்போது முதலாளி மண் சாடியில் புளித்த சோளக் கள்ளுக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். தானும் ஒரு குவளை எடுத்துக்கொண்டு கதிரை இழுத்து உட்கார்ந்தார். குடிக்குமுன் குவளையைச் சரித்து நிலத்தில் கொஞ்சம் ஊற்றினார்.

தங்கள் ஊரில் முதல் துளி பூமிக்கு, அடுத்தது செத்தவர்களுக்கு என்றார். நீங்களும் ஊற்றுங்கள்.

அரியரத்தினம் அதைத் தமிழில் சொன்னான். மடுத்தீன் தாயை நினைத்துக்கொண்டு ஊற்றினான். குலசேகரமும் ஊற்றினார். அரியரத்தினம் குவளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"எனக்கு ஊத்த ஆள் இல்லை" என்று சிரித்தான். "எங்கடை வீட்டிலை சாகிற வயசிலை இருக்கிறது ஐயா ஒருத்தர். அவரும் என்னை எரிச்சுப்போட்டுத்தான் போவார்." பிறகு அதையே பிரெஞ்சில் முதலாளிக்குச் சொன்னான்.

முதலாளி சிரிக்கவில்லை. குவளையை மேசையில் வைத்தார்.

"உன் அப்பாவுக்கு ஊற்றமாட்டாயா?"

"அப்பா உயிரோடு இருக்கிறார், முசியே எவுசேபியோ."

முதலாளி குலசேகரத்தைப் பார்த்தார். குலசேகரம் சோளத்தைப் பார்த்தார்.

"இந்த மனிதர் வந்தவுடனே எனக்குச் சொன்னார்" என்றார் முதலாளி, ஒவ்வொரு சொல்லாக. "உன் அப்பா இன்று இறந்துவிட்டார். நீ வேலை செய்யமாட்டாய். உன் இடத்தில் இந்தப் பொடியன். அப்படிச் சொன்னார். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தும் வந்திருக்கிறாய், அவருக்காகச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன்."

அரியரத்தினம் மடுத்தீனின் பக்கம் திரும்பினான். "இவர் என்ன சொல்லுறார்?"

மடுத்தீன் தலையைக் குனிந்தான்.

"டேய், உன்னைத்தான். என்ன சொல்லுறார்?"

"ஓம் அண்ணை" என்றான் மடுத்தீன். "காலமை கடைக்கு போன் வந்தது."

அரியரத்தினம் கையைப் பார்த்தான். விரலெல்லாம் கொழுப்பு. சேட்டில் துடைத்தான், நீலச் சேட்டில். குலசேகரம் அவன் கையைப் பிடிக்கப் போனார்.

"அரியம், வடிவாய்க் கேள். வெறும் வயித்தோடை உனக்கு எப்பிடிச் சொல்லுறது? சாப்பிட்ட பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள். நோயிலை கிடக்காமல் போயிட்டார், நல்ல சாவு."

"எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"அங்கை அஞ்சரைக்கு" என்றான் மடுத்தீன். "ஒரு மணிக்குள்ளை உங்களைக் கதைக்கச் சொன்னவர் ஸ்ரேசன் மாஸ்டர். கொள்ளி விசயம்."

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை. அரியரத்தினம் அழவில்லை. எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. முதலாளி தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்துக் கம்பியை இழுத்துவிட்டார். அவன் இலக்கத்தைச் சுழற்றினான். கிடைக்கவில்லை. திரும்பச் சுழற்றினான். வெறும் இரைச்சல். ஐந்தாவதோ ஆறாவதோ தரம் மணி அடித்தது.

"மாஸ்டர், நான் அரியம். பேரன். தங்கச்சியின்ரை பெடியன்தான் வைக்க வேணும். ஐயா சொன்னது. சின்னையாவின்ரை மகனைத் தொடவிடாதையுங்கோ. போய்ச் சொல்லுங்கோ, இப்ப ஓடிப்போய்ச் சொல்லுங்கோ."

பிறகு கேட்டுக்கொண்டு நின்றான். தொலைபேசியிலிருந்து வந்த குரல் இப்போதும் கத்தித்தான் பேசியது. மேசைக்கே கேட்டது.

"தம்பி, அது முடிஞ்சு போச்செல்லே. நீர்தானே சொல்லிவிட்டனீர். உம்மோடை இருக்கிற குலசேகரம் எண்டவர் திருப்பி எடுத்தவர். உமக்கு வேலையாம், போனுக்கு வர ஏலாதாம், முறைப்படி மூத்த ஆம்பிளை ஆரும் வைக்கட்டும் எண்டு சொல்லச் சொன்னீராம். உடனை சின்னையாவின்ரை மகன் தலை வழிச்சு முழுகியிட்டான். சொல் வந்திட்டுது, இனி என்னத்துக்கு மினைக்கெடுறது எண்டு நேரத்தோடையே எடுத்திட்டினம். இப்ப சுடலையிலை நெருப்பு மூட்டியிருப்பினம். உம்மடை அம்மாதான் நம்பேல்லை. என்ரை பிள்ளை அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான் எண்டு குழறிக்கொண்டு கிடந்தவ."

அரியரத்தினம் ரிசீவரை மெல்ல வைத்தான். வைத்த பிறகும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்களே அண்ணை சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன செய்யிறது?" என்றார் குலசேகரம். அவர் இன்னும் கதிரையில்தான் இருந்தார். "அவையள் அங்கை பிணத்தை வைச்சுக்கொண்டு அடிபடுகினம். நீ எடுத்துப் பேசினால் சண்டை இன்னும் கூடும். ஆராவது ஒருத்தன் நிப்பாட்ட வேணும், நிப்பாட்டினன். ஆர் வைச்சாலும் நெருப்பு ஒரு மாதிரித்தான் எரியும். செத்த மனுசன் எழும்பிப் பாக்கப் போறாரோ? சும்மா இரு. அறைக்குப் போய் முழுகு. உயிரோடை இருக்கிறவனுக்கு என்ன வழி எண்டு பாப்பம்."

அரியரத்தினம் கதிரையை நிமிர்த்தி வைத்தான். உட்காரவில்லை. முதலாளிக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் அவர் பொறுமையாக நின்று, பிறகு அரியரத்தினத்தின் முன்னால் வந்தார்.

"நீ ஒரு கிழமை வேலைக்கு வராமல் நில். இரண்டு கிழமை வேண்டுமென்றாலும் நில். உன் இடம் உனக்குத்தான். பொடியனையும் வைத்துக்கொள்கிறேன், வேலை நிறைய இருக்கிறது. ஆனால் நீ சொன்னால்தான். நல்ல ஆளா?"

குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு ராதாகிருஷ்ணன் அந்த நேரம்தான் வெளியே வந்தான். முழங்கைவரை ஈரம். வயிற்றில் அரியரத்தினத்தின் ஏப்ரன். உள்ளே பாத்திரச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. "எல்லாம் அடுக்கி முடிச்சிட்டன் அண்ணை" என்று அரியரத்தினத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அரியரத்தினம் அவனைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் குலசேகரத்தைப் பார்த்தான். குலசேகரத்தின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

"அரியம், பெடியனுக்கு இதிலை ஒண்டும் தெரியாது. அவன்ரை வாழ்க்கை."

அரியரத்தினம் முதலாளியின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னான்.

"இவருடைய அடையாள அட்டை இவருடையது இல்லை. வேறொருவரின் அட்டை. பொலிஸ் வந்தால் உங்கள் கடையைப் பூட்டுவார்கள். மற்ற முதலாளிகளுக்கும் சொல்லி வையுங்கள்."

முதலாளி ராதாவைப் பார்த்த பார்வை மாறியது. அவரும் ஒரு காலத்தில் அட்டைக்காக வரிசையில் நின்றவர். சத்தம் போடவில்லை. ஏப்ரனைக் கழற்று என்று கையால் காட்டினார்.

"நோ, நோ" என்று, அட்டை, பொலிஸ் என்ற சொற்கள் மட்டும் பிடிபட்ட குலசேகரம் எழும்பி, அட்டை நல்லது என்று சொல்லப் பார்த்தார். "காட் போன். காட் போன், முசியே. இவர் பொய்..." பொய்க்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தவுடனே அப்பா, செத்தது, வேலை என்கிற மூன்று சொல் போதுமாயிருந்தது. இதற்குக் காணவில்லை. "நீயெண்டாலும் சொல்லடா" என்று மடுத்தீனைப் பிடித்து உலுக்கினார்.

மடுத்தீனுக்குச் சொல்லத் தெரியும். அவன் கடைக்கு மரக்கறி கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரரோடு நாளும் கதைக்கிறவன். அவன் அரியரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, குலசேகரத்தின் கையைத் தன்மேலிருந்து எடுத்துவிட்டான்.

முதலாளி வாசல் கதவைத் திறந்து பிடித்தார்.

ராதா ஏப்ரனைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அரியரத்தினம் அதை வாங்கி, உதறி, தன் இடுப்பில் கட்டினான். மேசையிலிருந்த எலும்புகளை ஒரு கோப்பையில் வழித்தான். மூன்று கோப்பைகளையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனான். வேண்டாம், வீட்டுக்குப் போ என்று முதலாளி இரண்டு தரம் சொன்னது வெளியே கேட்டது. பிறகு தண்ணீர் திறக்கிற சத்தம்.

வெளியே குலசேகரம் ஒருவருக்கும் காத்திராமல் மெற்றோப் பக்கம் வேகமாக நடந்தார். ராதாகிருஷ்ணன் ஈரக் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மடுத்தீனோடு நடந்தான்.

"என்னண்ணை நடந்தது? நான் ஏதும் உடைச்சுப்போட்டேனோ?"

"இல்லை."

"அப்ப அரியண்ணை முதலாளிக்கு என்ன சொன்னவர்?"

"உம்மடை காட் கள்ளக் காட் எண்டு சொன்னவர்."

ராதா நின்றுவிட்டான். சேட்டுப் பையைத் தடவி, அட்டை இருக்கிறதா என்று பார்த்து, அதை எடுத்து மடுத்தீனிடம் நீட்டினான். படத்தில் இருப்பது தன் முகம்தான் என்று காட்டுவது போல.

"இது நான்தானே அண்ணை. பாருங்கோ. நான்தானே."

"ஓம், நீர்தான்" என்றான் மடுத்தீன்.